பால் கலந்த ஓடை, தலைகளின் வயல்: அயர்லாந்தின் ஒரு மூலையில் ஊர்ப்பெயரும் கதையும்

அயர்லாந்தின் தென்மேற்கில் ட்ரலீ நகரத்திலிருந்து டிங்கிளுக்குப் போகும் சாலையில், ஏறத்தாழ 16 கிலோமீட்டரில் கேம்ப் என்ற சிற்றூர் வரும். பெயர்ப்பலகையைப் பார்த்தால், எப்போதோ ஒரு படை கூடாரமடித்திருந்த இடம் என்றுதான் தோன்றும். அதே தீபகற்பத்தின் தென்கரையில் இன்ச் என்று ஒரு கடற்கரை. கடலுக்குள் கிலோமீட்டர் கணக்கில் நீண்டு கிடக்கும் மணல் திட்டுக்கு அங்குலம் என்றா பெயர் வைப்பார்கள்? டிங்கிளிலிருந்து மலையேறி வடகரைக்கு இறங்கும் கணவாய்க்குக் கானர் கணவாய் என்று பெயர். அந்தக் கானர் யாராக இருக்கும் என்று பயணிகள் யோசித்துக்கொண்டே வண்டியில் போவார்கள்.

மூன்றுமே ஆங்கிலம் போலத் தெரிகிற ஐரிஷ் பெயர்கள். கேம்ப் என்பது ஐரிஷில் ‘அன் கவும்’. மலைச்சரிவில் ஒரு கை மண்ணை அள்ளியெடுத்ததுபோலக் குழிந்து கிடக்கும் இடத்துக்குக் ‘கவும்’ என்று பேர். இன்ச் என்பது ‘இன்ஷ’, அதாவது நீரோரத் தாழ்நிலம். கானர் என்பது ‘அன் கோனிர்’. அதற்கு வழி என்று பொருள். கானர் என்று ஓர் ஆள் அந்த மலையில் இருந்ததே இல்லை.

தமிழ் இலக்கணத்தில் காரணப்பெயர், இடுகுறிப்பெயர் என்று பிரித்துச் சொல்வார்கள். முன்னதில் பெயருக்குள்ளேயே காரணம் தெரியும். பின்னதில் முன்னோர் இட்டார்கள், நாம் சொல்கிறோம், அவ்வளவுதான். அயர்லாந்தில் நடந்ததைச் சொல்ல எனக்கு இதைவிடப் பொருத்தமான சொற்கள் கிடைக்கவில்லை. அங்கே ஊருக்கும் குன்றுக்கும் ஓடைக்கும் இருந்தவை பெரும்பாலும் காரணப்பெயர்கள். ஆங்கில எழுத்துக்குள் போனதும் அவை இடுகுறிப்பெயர்கள் ஆகிவிட்டன. ஒலி தங்கிவிட்டது, பொருள் உதிர்ந்துவிட்டது. உதிர்ந்த பொருளைப் பெருமளவு தாங்கிப் பிடித்தவை ஊர்க் கதைகள். அந்தக் கதைகள் பெயருக்குச் சொல்லும் காரணம் பல நேரம் தவறு. இருந்தும் கதை இருந்த இடத்தில்தான் பெயர் உயிரோடு இருந்திருக்கிறது. இதை ஒரே வட்டாரத்தை வைத்துக் காட்ட முடியும். கெர்ரி கவுண்டியின் டிங்கிள் தீபகற்பத்தையே எடுத்துக்கொள்கிறேன். அதன் மேற்குப் பாதியில் ஐரிஷ் இன்றும் பல வீடுகளின் மொழி.

தீபகற்பத்தின் ஐரிஷ் பெயர் ‘கோர்க்கா கிவ்னா’. கிவ்னா வழிவந்தவர்களின் நாடு என்று பொருள். இந்தப் பெயருக்குக் கல்லிலேயே சான்று உண்டு. ஓகம் என்பது அயர்லாந்தின் மிகப் பழைய எழுத்து. நிறுத்திவைத்த கல்லின் விளிம்பையே நடுக்கோடாக வைத்து, அதன் இருபுறமும் குறுக்கும் சாய்வுமாகக் கீறல்கள் போட்டு, பெரும்பாலும் கீழிருந்து மேலாக வாசிப்பார்கள். அயர்லாந்தில் கிடைத்திருக்கும் ஏறத்தாழ 400 ஓகம் கற்களில் மூன்றில் ஒரு பங்கு கெர்ரியில் இருக்கிறது. தீபகற்பத்தின் மேற்கு முனையான டன்மோர் முனையில் கடலைப் பார்த்து நிற்கும் ஒரு கல்லில் ‘தொவினியா’ என்ற பெயர் வருகிறது. கிவ்னாவின் பழைய வடிவம் அது. ஓர் இனத்தின் மூதாதையாக, ஒருவேளை தாய்த்தெய்வமாக எண்ணப்பட்டவள் இந்தத் தொவினியா. அவள் பெயர் சுமார் 1,500 ஆண்டுகளாக அதே மண்ணில் புழங்கிக்கொண்டிருக்கிறது.

இந்தப் பெயர்கள் எப்படி ஆங்கிலத்துக்குள் போயின என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 1824-இல் பிரிட்டிஷ் அரசு அயர்லாந்து முழுவதையும் அளக்கத் தொடங்கியது. நிலவரியைச் சரியாகப் பிரிக்க வேண்டும் என்பதுதான் முதல் நோக்கம். ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில், வயல் வரப்பு வரைக்கும் வரைபடத்தில் ஏறியது. பணியை நடத்தியவர் தாமஸ் கோல்பி. நம் பக்கத்துக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 1802-இல் சென்னை பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய இந்திய நில அளவையைப் பின்னால் ஏற்று நடத்திய ஜார்ஜ் எவரெஸ்ட், 1829-இல் அயர்லாந்துக்குப் போய்க் கோல்பியின் வேலையைப் பார்த்தார். வெயிலிலும் குளிரிலும் நீளம் மாறாத கோல்பியின் அளவுகோல்கள் அதன்பின் இந்தியாவுக்கும் வந்தன.

அளப்பது ஒரு பாடு என்றால், பெயர் எழுதுவது இன்னொரு பாடு. அயர்லாந்தில் ‘டவுன்லாந்து’ என்ற மிகச் சிறிய நிலப்பிரிவே 60,000-க்கு மேல். ஒவ்வொன்றின் பெயரும் பத்திரத்தில் ஒரு மாதிரி, கோயில் பதிவேட்டில் ஒரு மாதிரி, பண்ணையாரின் கணக்கில் ஒரு மாதிரி இருந்தது. அதற்காகப் ‘பெயர்ப் புத்தகம்’ என்று கையடக்கமாக ஒன்றை வைத்துக்கொண்டார்கள். ஒரு பக்கத்தில் ஒரு பெயர். அதன் வெவ்வேறு எழுத்துக்கூட்டல்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே அதைத் தந்தவர் அல்லது ஆவணம், பிறகு அந்த இடத்தைப் பற்றிய குறிப்பு. இந்தப் புத்தகங்களோடு ஊர் ஊராக நடந்தவர் ஜான் ஓ’டோனவன். ஐரிஷ் நன்கு கற்றவர். ஊரில் வயதானவர்களைப் பெயரை வாயால் சொல்லச் சொல்லிக் கேட்பார். அதிலிருந்து மூல ஐரிஷ் வடிவம் என்னவாக இருக்கும் என்று கணித்துப் புத்தகத்தில் எழுதுவார். கெர்ரிக்கு அவர் வந்தது 1841-இல். வரைபடத்தில் அச்சேறியது ஆங்கிலக் கூட்டல் மட்டும்தான். ஆனால் ஓ’டோனவன் எழுதிய ஐரிஷ் வடிவங்கள் பெயர்ப் புத்தகங்களில் தங்கிவிட்டன. இன்று ஒரு பெயரின் பொருளை ஆராயும் எவரும் முதலில் திறப்பது அதைத்தான். பெயர்களைக் கெடுத்தது நில அளவைதான் என்று ஒரே வரியில் சொல்லிவிடுவது வழக்கம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

அவர் வந்துபோன காலத்தையும் பார்க்க வேண்டும். 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது, பெரும்பஞ்சம் வந்தது. 1841-இல் கெர்ரியின் மக்கள்தொகை ஏறத்தாழ 2,94,000. 1851-இல் அது 2,38,000 சொச்சம். செத்தவர்களும் கப்பலேறியவர்களும் பெரும்பாலும் ஐரிஷ் பேசிய ஏழைகள். ஓ’டோனவன் பத்து ஆண்டு தாமதமாக வந்திருந்தால், கேட்பதற்குப் பல ஊர்களில் ஆள் இருந்திருக்காது.

சரி, கேம்புக்குத் திரும்புவோம். ஊருக்குத் தெற்கே தலைக்கு மேல் நிற்கிறது கஹர்கன்ரீ மலை, 835 மீட்டர். அதன் தோளில், 600 மீட்டருக்கும் மேலே, மூன்று பக்கம் பாறைச் செங்குத்தும் நாலாவது பக்கம் குறுக்கே எழுப்பிய கல்மதிலுமாக ஒரு பழங்கோட்டை. ஐரிஷில் ‘கஹர் கொன்ரீ’, அதாவது கூ ரீயின் கோட்டை. கூ ரீ பழைய ஐரிஷ் கதைகளில் வரும் மந்திரம் அறிந்த மன்னன். அவன் உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் இரவானதும் மந்திரம் சொல்லுவானாம். கோட்டை திரிகைக்கல்போலச் சுழலத் தொடங்கும். பொழுது சாய்ந்தபின் வாசல் யாருக்கும் அகப்படாது.

அல்ஸ்டர் நாட்டு வீரர்கள் ஒரு கொள்ளைக்குப் போனபோது கூ ரீ வேடம் மாறி அவர்களுக்குத் துணை போனான். வெற்றிக்குப் பின் பங்கு தராமல் ஏமாற்றினார்கள். அவன் கொள்ளைப்பொருள் மொத்தத்தையும், பிளாநட் என்ற இளவரசியையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். தடுக்க வந்த மாவீரன் குஹுலினை அக்குள் வரை மண்ணில் புதைத்து, தலையை மழித்துவிட்டுப் போனான். பிளாநட்டின் மனம் குஹுலினிடம் இருந்தது. கோட்டையில் இருந்துகொண்டே அவனோடு பேசி வைத்தாள். கோட்டையைப் பெரிதாக்கக் கல் கொண்டுவர வேண்டும் என்று சொல்லி, கூ ரீயின் ஆட்களை நாலாபக்கமும் அனுப்பவைத்தாள். மலையிலிருந்து இறங்கும் ஓடையில் பாலை ஊற்றினாள். கீழே காத்திருந்த குஹுலின் தண்ணீர் வெளுப்பதைக் கண்டான், மேலே ஏறினான். கூ ரீ கொல்லப்பட்டான். கதை அதோடு நிற்கவில்லை. கூ ரீயின் அவைப்புலவன் ஃபெர்ஹெர்ட்னே, எதிரிகளோடு நின்றுகொண்டிருந்த பிளாநட்டை ஒரு கடல்முனையில் நெருங்கி, அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பாறையிலிருந்து குதித்துவிட்டான்.

அந்த ஓடை இன்றும் மலையிலிருந்து கேம்ப் வழியாக இறங்குகிறது. பெயர் ஃபிங்லஸ். ஐரிஷில் ‘ஃபியூன்’ என்றால் வெள்ளை, ‘க்லஷ’ என்றால் ஓடை. வெள்ளோடை. மலையோடைக்கு நுரையால், அடியில் உள்ள கல்லால், வெயில் படும் விதத்தால் அப்படிப் பெயர் வருவது இயல்பு. அயர்லாந்தில் வேறு இடங்களிலும் இதே பெயர் உண்டு. டப்ளின் நகரத்தின் ஒரு பகுதிக்கும் இதே பெயர்தான். அங்கெல்லாம் யாரும் பால் ஊற்றவில்லை. ஆக, பெயர் முன்னால் வந்தது, பால் பின்னால் வந்தது என்றுதான் நினைக்க வேண்டும். ஆனாலும் பாருங்கள், ‘ஃபியூன்’ என்றால் வெள்ளை என்பது மறந்துபோன பின்னும், கேம்பில் பால் கதை தெரிந்த ஒருவருக்கு அந்த ஓடை ஏன் வெள்ளோடை என்று தெரியும்.

இப்படி இடப்பெயருக்குக் கதை சொல்வதை ஐரிஷில் ‘தின்ஷனகஸ்’ என்பார்கள். பேர்பெற்ற இடங்களின் பழமையைச் சொல்லும் வித்தை, கிட்டத்தட்டத் தலபுராணம். 12-ஆம் நூற்றாண்டின் பெரிய சுவடிகளிலேயே செய்யுளும் உரைநடையுமாகத் தொகுப்பு இருக்கிறது. புலவராகப் பயிற்சி பெறுகிறவன் இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டும். ஊர் வழியே போகும்போது மன்னன் ஒரு மேட்டைக் காட்டிக் கேட்டால் பதில் சொல்லத் தெரிய வேண்டும். பொருள் மயங்கிய பெயரைக் கண்டால், அதை இரண்டு மூன்றாக உடைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை கட்டுவதும் அந்தப் புலவர்களின் வேலைதான். ஒரே இடத்துக்கு மூன்று காரணம் சொல்லிவிட்டு, எது சரி என்று முடிவு கட்டாமல் விட்டிருப்பார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது.

கேம்பிலிருந்து சாலை மேற்கே ஏறும்போது ஒரு பள்ளத்தாக்கு விரிகிறது. ‘க்ளவுன் ந ஙியல்ட்’, பித்தர்களின் பள்ளத்தாக்கு. ‘கியல்ட்’ என்றால் பித்தன். பன்மையில் உடைமைச்சொல்லாக வரும்போது முதல் எழுத்தே மாறி ‘ஙியல்ட்’ ஆகிறது. சொல்லின் தொடக்கத்தில் அந்த ஒலியை எழுத ஆங்கிலத்தில் வழியில்லை. நமக்கு ஙகரம் இருக்கிறது. ஆங்கில வரைபடத்தில் அந்தப் பெயர் ‘க்ளெனகால்ட்’ என்று வழுக்கிப்போயிற்று.

பழைய ஐரிஷ் எழுத்தில் இந்தக் ‘கியல்ட்’ தனி வகை. போரின் பயங்கரத்தைப் பார்த்து அறிவு கலங்கி, காட்டுக்குள் ஓடி, மரக்கிளைகளில் தங்கி, உடம்பில் இறகு முளைத்து இலேசாகிவிடுகிறவன். 13-ஆம் நூற்றாண்டில் நார்வேயில் எழுதப்பட்ட ஒரு நூலே அயர்லாந்தின் விந்தைகளில் ஒன்றாக இவர்களைப் பற்றிச் சொல்கிறது. அயர்லாந்தில் யாருக்குப் பித்துப் பிடித்தாலும், தடுக்காமல் விட்டுவிட்டால் அவர் கால் தானாகவே இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்துசேரும் என்பது ஊர் நம்பிக்கை. அங்கே ‘தொபர் ந ஙியல்ட்’, பித்தர்களின் ஊற்று. அதன் நீரைக் குடித்து, அதில் முளைக்கும் நீர்க்கீரையைத் தின்றால் தெளிந்துவிடும். அண்மை ஆண்டுகளில் அந்த ஊற்றுநீரில் லித்தியம் இருப்பதாகச் செய்தி வந்தது. மனநோய்க்குத் தரும் மருந்தில் உள்ள அதே லித்தியம் என்பதால் பலரும் பரவசப்பட்டார்கள். சோதனையில் சொன்ன அளவு மிகச் சொற்பம், மருத்துவர் தரும் மாத்திரையின் பக்கத்திலேயே வராது. ஊற்றுக்கு விஞ்ஞானச் சான்றிதழ் தேடுவது எனக்குத் தேவையற்றதாகவே படுகிறது. கலங்கியவர்களைக் கட்டிவைத்து அடித்த காலத்தில், அவர்கள் போய்ச் சேர ஓர் இடம் உண்டு, அங்கே தண்ணீரும் கீரையும் தனிமையும் கிடைக்கும் என்று ஓர் ஊர் சொல்லிக்கொண்டிருந்தது. நான் அதைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்து வரும் அனஸ்காலில் கதை இன்னும் வெளிப்படையாகப் பெயரிலிருந்து முளைத்திருக்கிறது. ‘அவுன் அன் ஸ்கால்’ என்பது ஐரிஷ். ‘அவுன்’ ஆறு. ‘ஸ்கால்’ பழைய மொழியில் ஆவி, அமானுட உருவம், பெருவீரன் என்றெல்லாம் பொருள்படும். ஊர்க் கதையில் ஸ்கால் ஒரு பெண்ணாகிவிட்டாள். ஓர் அரக்கன் அவளைக் கவர வருகிறான். குஹுலின் காப்பாற்ற வருகிறான். மலை ஏரியின் இரு பக்கமும் நின்று இருவரும் பாறைகளை எறிந்துகொள்கிறார்கள். குஹுலின் அடிபட்டு முனகுகிறான். செத்துவிட்டான் என்று நினைத்து ஸ்கால் ஏரியில் விழுந்துவிடுகிறாள். ஏரியைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும் பெரும் பாறைகளைப் பனியாறு கொண்டுவந்து போட்டது என்பது புவியியல். யார் எறிந்தது என்று ஊருக்குத் தெரியும்.

டிங்கிளைத் தாண்டினால் வென்ட்ரி. ‘ஃபியூன்ட்ரா’, வெண்மணற்கரை. பிறைபோல வளைந்த அந்தக் கரையைப் பார்த்தாலே பெயருக்கு வேறு விளக்கம் வேண்டாம். ஆனால் ‘ஃபியூன்’ என்பது ஐரிஷ் கதைகளின் தலைவன் ஃபின் மக்கூலின் பெயரும் கூட. இடைக்காலக் கதை ஒன்றில், உலக மன்னன் தாரே தோன் பெரும்படையோடு இந்தக் கரையில் இறங்குகிறான். ஃபின்னும் அவன் வீரர்களும் ஓராண்டும் ஒரு நாளும் இங்கே போரிட்டுத் தடுக்கிறார்கள். அந்தப் போரில் அறிவு கலங்கி ஓடிய ஓர் இளவரசன்தான் பித்தர்களின் பள்ளத்தாக்குக்கு முதலில் வந்தவன் என்று ஊர் வழக்கு. அப்படியாக, இருபது முப்பது கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு பெயர்களை ஒரே கதை சேர்த்துக் கட்டிவிட்டது. கதை தெரிந்தவருக்கு இது தனித்தனி ஊர்களின் பட்டியல் இல்லை.

தீபகற்பத்தின் வடமேற்கே ஸ்மெர்விக் விரிகுடா. இந்த ஆங்கிலப் பெயரே ஆங்கிலமில்லை. வைக்கிங்குகள் வைத்தது, வெண்ணெய்க் குடா என்று பொருள். ஐரிஷில் ‘ஆர்ட் ந கஹ்ன’, அர்பூட்டஸ் மரங்களின் மேடு. அங்கே கடலோரத்தில் ஒரு சிறு கோட்டையின் தடம். ‘தூன் அன் ஓர்’, பொன் கோட்டை. 1578-இல் ஆங்கிலக் கடலோடி மார்ட்டின் ஃப்ரோபிஷரின் கப்பல்களில் ஒன்று கனடாவின் வடகோடியிலிருந்து பொன் என்று நம்பி ஏற்றிவந்த கற்களோடு இந்தக் குடாவில் கரை தட்டியது. அது பொன்னே இல்லை.

இரண்டு ஆண்டு கழித்து, 1580-இல், அயர்லாந்துக் கிளர்ச்சிக்கு உதவப் போப்பாண்டவர் அனுப்பிய இத்தாலிய, ஸ்பானியப் படை அந்தக் கோட்டையில் தங்கியது. நவம்பரில் ஆங்கிலேய ஆளுநர் கிரே பிரபு முற்றுகையிட்டார். மூன்று நாள் பீரங்கி அடித்தபின் உள்ளே இருந்தவர்கள் சரணடைந்தார்கள். ஆயுதத்தைக் கீழே வைத்தபின் அவர்களைக் கொன்றார்கள். அறுநூறு பேர் என்று கிரேயே அரசிக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. சரணடைந்தவர்களுக்கு உயிர்ப்பிச்சை வாக்குக் கொடுத்தாரா இல்லையா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதிடுகிறார்கள்.

ஊர்க்காரர்களிடம் கடிதம் இல்லை. அவர்களிடம் இருந்தவை இரண்டு வயல்களின் பெயர்கள். ஒன்று ‘கோர்ட் அ யாரா’, வெட்டின வயல். இன்னொன்று ‘கோர்ட் ந கியவுன்’, தலைகளின் வயல். முதல் வயலில் வெட்டினார்கள், இரண்டாவதில் தலைகளைப் புதைத்தார்கள், உடல்களைக் கடலில் எறிந்தார்கள் என்று பெயரோடு சேர்த்தே சொல்வார்கள். நானூறு ஆண்டுக்கு மேல் அந்த வயல்களில் உருளைக்கிழங்கு போட்டிருப்பார்கள், மாடு மேய்த்திருப்பார்கள். ‘தலைகளின் வயலில் மாட்டைக் கட்டிவிட்டு வா’ என்று ஓர் அப்பா மகனிடம் சொல்லியிருப்பார். அந்த ஒரு வாக்கியம் போதும், பையன் ஏன் அந்தப் பேர் என்று கேட்பான்.

கதை எதைக் காப்பாற்றுகிறது என்பதற்கு இன்னொரு சான்று தீபகற்பத்தின் மேற்குக் கோடியில் உள்ள டன்குவின் என்ற ஊரில் இருக்கிறது. 1588-இல், இங்கிலாந்தின் மீது படையெடுத்துவந்த ஸ்பானியக் கப்பற்படையான ஆர்மடாவின் ‘சான்டா மரியா டி லா ரோசா’ என்ற கப்பல் டன்குவினுக்கு எதிரே பிளாஸ்கெட் நீரிணையில் மூழ்கியது. ஒருவன் மட்டும் பிழைத்துக் கரை சேர்ந்தான். ஸ்பெயின் மன்னனின் மகன் அந்தக் கப்பலில் இருந்து இறந்தான், இங்கேதான் புதைத்தோம் என்று டன்குவின்காரர்கள் ஓர் இடத்தைக் காட்டுவார்கள். பிழைத்தவனை ஆங்கிலேயர் விசாரித்து எழுதிய வாக்குமூலத்திலும் இதே செய்தி வருகிறது: மன்னனின் முறையற்ற மகனான அஸ்கோலி இளவரசன் கப்பலில் இருந்தான் என்று. உண்மையில் அஸ்கோலி அந்தக் கப்பலில் இல்லை. வழியிலேயே படையைப் பிரிந்து ஐரோப்பியக் கண்டத்துக் கரையில் பத்திரமாக இருந்தான். பிழைத்தவன் பயத்தில் சொன்னானோ, மதிப்புக் கிடைக்கும் என்று சொன்னானோ. ஊர் நினைவு காத்தது நடந்ததை அன்று, 1588-இன் அந்த வாரத்தில் கரையில் சொல்லப்பட்டதை. கப்பலின் உடைசல்களை 1960-களின் கடைசியில் முக்குளிப்பவர்கள் கண்டுபிடித்தார்கள்.

இவ்வளவும் நமக்குத் தெரிவதற்குக் காரணம், யாரோ உட்கார்ந்து எழுதிக்கொண்டதுதான். 1935-இல் அயர்லாந்து அரசு நாட்டார் வழக்காற்று ஆணையம் ஒன்றை அமைத்தது. டன்குவினைச் சேர்ந்த ஷோசவ் ஓ தாலி அதன் முழுநேரச் சேகரிப்பாளராகத் தன் வட்டாரத்திலேயே வேலை செய்தார். கனமான எடிஃபோன் கருவியைத் தூக்கிக்கொண்டு போய், மெழுகு உருளையில் குரலைப் பதிவார். வீடு திரும்பி ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுக் கையால் எழுதுவார். எழுதி முடித்ததும் உருளையைத் திருப்பி அனுப்புவார்கள். புதிது வாங்கப் பணமில்லாததால் மெழுகின் மேற்பரப்பைச் சீவிவிட்டு அதிலேயே அடுத்த குரலைப் பதிவார்கள். அப்படிச் சீவப்பட்டுப் போன குரல்கள் எத்தனையோ. பெரிய பிளாஸ்கெட் தீவின் புகழ்பெற்ற கதைசொல்லி பெக் சேயர்ஸிடம் மட்டும் அவர் நூற்றுக்கணக்கான கதைகள் எழுதிக்கொண்டார்.

பிள்ளைகளும் எழுதினார்கள். 1937 முதல் 1939 வரை, ஆணையமும் கல்வித் துறையும் சேர்ந்து, ஐந்தாறாம் வகுப்புப் பிள்ளைகளை வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவரச் சொன்னார்கள். ஏறத்தாழ 5,000 பள்ளிகள், 50,000 பிள்ளைகள், மொத்தம் 7,40,000 பக்கங்கள். கைவைத்தியம், விளையாட்டு, பேய், புதையல் என்று தலைப்புகள் தரப்பட்டன. ஊர்ப்பெயரும் வயல்பெயரும் அதில் ஒன்று. டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் உள்ள இந்தத் தொகுப்பு இப்போது இணையத்தில் படமாகவே கிடைக்கிறது. தாத்தாவிடம் கேட்டு, மையைத் தொட்டுத் தொட்டு ஒரு பிள்ளை எழுதிய பக்கத்தைப் பார்க்கும்போது, அந்த வீட்டில் அன்று மாலை என்ன பேசிக்கொண்டார்கள் என்பதே கேட்பதுபோல இருக்கும். டவுன்லாந்துப் பெயராவது அரசு வரைபடத்தில் இருக்கிறது. வயலின் பெயர் அதில் இல்லை. அது வீட்டுக்குள் புழங்குகிற பெயர். அதனால்தான் அந்தக் குறிப்பேடுகள் எனக்கு ஓ’டோனவனின் புத்தகங்களைவிட அருமையானவை.

பெயர் எப்போதும் கதையோடு ஒத்துப்போகும் என்றும் இல்லை. 952 மீட்டர் உயரமுள்ள பிராண்டன் மலை, ஆறாம் நூற்றாண்டுத் துறவி பிரெண்டனின் பெயரைத் தாங்கியது. அவர் தோல்படகில் மேற்குக் கடலுக்குப் போனார் என்பது ஐரோப்பா முழுவதும் பரவிய கதை. மலையடிவாரத்தில் அவர் புறப்பட்டதாகச் சொல்லப்படும் குறுகிய குடாவுக்கு ஆங்கிலத்தில் பிராண்டன் க்ரீக். 1976-இல் டிம் செவரின் என்ற பயண எழுத்தாளர் அதே மாதிரித் தோல்படகு கட்டி, அங்கிருந்தே புறப்பட்டு, மறு ஆண்டு நியூஃபவுண்ட்லாந்து போய்ச் சேர்ந்தார். ஐரிஷிலோ அந்தக் குடாவுக்குப் பெயர் ‘கூஅஸ் அன் வொடிக்’, முரடனின் குடா. துறவி ஆங்கிலப் பெயரில்தான் இருக்கிறார்.

மலையின் கிழக்குப் பக்கம் க்ளஹான் ஊரில் இன்னொரு போட்டி. ஜூலைக் கடைசி ஞாயிறு பிராண்டன் மலையேறும் யாத்திரை நாள். ஐரிஷில் அந்த ஞாயிற்றுக்குப் பெயர் க்ரோம் துவ் ஞாயிறு. க்ரோம் துவ் கிறித்தவத்துக்கு முந்திய தெய்வமோ தலைவனோ, ஊருக்கு அவன் பொல்லாத பணக்காரன். பிரெண்டனின் ஆட்கள் உணவு கேட்டபோது, தொட்டவரைக் குத்திக் கொல்லும் காளையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னானாம். காளை சாதுவாகப் பின்னால் நடந்து போயிற்று. கடைசியில் அவனும் மனம் மாறினான். அறுவடைத் தொடக்கப் பண்டிகை அந்த ஞாயிற்றுக்குள் ஒளிந்திருக்கிறது. அவன் முகம் என்று சொல்லப்பட்ட ஒரு கல்தலை க்ளஹானின் பழைய தேவாலயச் சுவரில் பதிந்திருந்தது. 1990-களில் யாரோ திருடிக்கொண்டு போய்விட்டார்கள். ஞாயிற்றின் பெயரைத் திருட முடியவில்லை.

பெயரைச் சட்டத்தால் மீட்டுத் தர முடியுமா? டிங்கிளில் அதைச் செய்து பார்த்தார்கள். 2005 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த ஆணைப்படி, ஐரிஷ் பேசும் பகுதிகளில் ஐரிஷ் பெயரே அதிகாரப் பெயர். டிங்கிள் ‘அன் டாங்கன்’ ஆனது. சாலைப் பலகைகளில் டிங்கிள் காணாமல் போனது. ஐரிஷுக்கு நல்லதுதானே என்று வெளியிலிருந்து தோன்றும். ஊரில் பெரும் கோபம். சுற்றுலா ஊருக்கு உலகம் அறிந்த பெயர் போய்விட்டது என்பது ஒரு காரணம். ஆஃபலி கவுண்டியில் ஏற்கெனவே டாங்கன் என்று ஓர் ஊர் இருப்பது இன்னொன்று. மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகத் தெரிகிறது: ஊர்க்காரர்கள் ஐரிஷில் சொல்லும் முழுப் பெயர் ‘டாங்கன் ஈ கூஷ்’, ஓ கூஷ் குடும்பத்தின் கோட்டை. அரசு அந்தக் குடும்பத்தை வெட்டிவிட்டு வெறும் ‘கோட்டை’யை மட்டும் வைத்தது. பலகைகளில் இரவோடிரவாக டிங்கிள் என்று எழுதினார்கள், ஒட்டினார்கள். 2006-இல் நடந்த வாக்கெடுப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் ‘டிங்கிள் டாங்கன் ஈ கூஷ்’ என்ற இருமொழிப் பெயரைக் கேட்டார்கள். சட்டம் இடங்கொடுக்க 2011 ஆயிற்று. மொழிப்பற்று ஒரு பக்கம், வியாபாரம் மறுபக்கம் என்று அந்தச் சண்டையைப் பலர் எழுதினார்கள். என் கண்ணுக்கு இரு தரப்பும் பெயரைப் பொருட்டாக நினைத்தவர்கள்தான்.

மேற்கே போனால் கடைசியாக வருவது டன்குவின். எதிரே பிளாஸ்கெட் தீவுகள். பெரிய தீவிலிருந்து கடைசிக் குடியினரை 1953 நவம்பரில் கரைக்குக் கொண்டுவந்தார்கள், 22 பேர். வடக்கே தனியாகக் கிடக்கும் தீவு வரைபடத்தில் இனிஷ்டூஸ்கெர்ட், அதாவது வடதீவு. டன்குவினில் அதை ‘அன் ஃபார் மரவ்’ என்பார்கள், செத்த மனிதன். கரைமேட்டில் நின்று பார்த்தால் நெற்றி, மூக்கு, மார்பில் கூப்பிய கைகள், பெருவயிறு, நீட்டிய கால்கள் என்று ஓர் ஆள் கடலில் மல்லாந்து படுத்திருப்பது தெரியும். அதற்கு யாரும் கதை சொல்வதில்லை. பேரைச் சொல்லிக் கையை நீட்டுவார்கள்.